1970 பேய் வீட்டுக்கு புது சிம்னி போட்ட கதை

போன மே மாசம் பக்கத்து தெருல ஒரு யார்டு சேல், வீட்ல வேண்டாத பழைய சாமான வாசல்ல பரப்பி விக்கிறது. நான் போனது புல்லு வெட்டுற மெஷின் ஒண்ணு பாக்க, அது காலையிலயே வித்துப்போச்சாம், நியூஜெர்சில சனிக்கிழமை பத்து மணிக்கு மேல எந்த யார்டு சேலுக்கு போனாலும் இதே கதைதான். வெறுங்கையோட திரும்ப வேணாமேன்னு டேபிளுக்கு அடியில கிடந்த அட்டைப்பெட்டிகள குனிஞ்சு கிளறிட்டு இருந்தப்ப ஒரு பழைய போர்டு கேம் பெட்டி கையில தட்டுப்பட்டுச்சு. மேல சூனியக்காரி படம், 'விச் விச்?'னு பேரு, மில்டன் பிராட்லி கம்பெனி, 1970. மூடியோட நாலு மூலையும் பிஞ்சு யாரோ மாஸ்கிங் டேப் போட்டிருந்தாங்க, அந்த டேப்பும் காஞ்சு கருவாடா ஆயிருந்துச்சு. 6 டாலர்னு ஸ்டிக்கர். அந்த அம்மா என் மூஞ்சிய பாத்துட்டு உள்ள எல்லாம் இருக்கான்னு தெரியல, 4 குடுங்க போதும்னாங்க. எல்லாம் இல்லன்னு பெட்டிய தூக்குனப்பவே எனக்கு தெரிஞ்சுபோச்சு, வெயிட்டே இல்ல, ஆனாலும் வாங்கிட்டேன்.

இது என்ன கேம்னு தெரியாதவங்களுக்கு. சிகாகோல மார்வின் கிளாஸ்னு ஒருத்தரோட டிசைன் கம்பெனி இருந்துச்சு, 1963-ல வந்த மவுஸ் டிராப் கேம் அவங்க ஐடியாதான், தட்டையான போர்டுல காய் நகர்த்துறத விட்டுட்டு போர்டு மேலயே ஏதாச்சும் கட்டி எழுப்பி அதுல பந்து உருட்டி விடுறதுல அவங்க கில்லாடிங்க. இதுவும் அவங்க கைவேலதான். தரை அட்டை மேல சுவரெல்லாம் குறுக்க நெடுக்க சொருகுனா நாலு ரூம் உள்ள வீடு நிக்கும், புரூம் ரூம், விச்சின் கிச்சன், ஸ்பெல் செல், பேட்ஸ் பால்ரூம், நடுவுல ஒரு சிம்னி. டைஸ் உருட்டி ரூம் ரூமா தாண்டி சார்ம்ட் சர்க்கிள்னு ஒரு இடத்துக்கு யார் முதல்ல போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. இடையில சீட்டு எடுக்கணும், சீட்டுல மூணு சூனியக்காரிங்க. கூலிஷ் கெர்ட்டி வந்தா நீ எலியா மாறிடுவ, கிளெண்டா த குட் வந்தா திரும்ப மனுஷன். வாண்டா த விக்கிட் வந்தாதான் ஆட்டமே, அப்ப வாமி பால்னு ஒரு குண்ட சிம்னி வாயில போடணும், அது எந்த ரூம் வழியா வெளிய வரும்னு யாருக்கும் தெரியாது, வந்த ரூம்ல ஆபத்தான கட்டத்துல எவன் நிக்கிறானோ அவன் காய் அடி வாங்கும்.

இப்ப என் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னா, தரை அட்டை இருக்கு ஆனா ஒரு ஓரம் பூரி மாதிரி உப்பிருச்சு, ஒரு சுவர் இல்ல, சிம்னி உடைஞ்சு பாதிதான் இருக்கு, எலிங்க ஒண்ணுகூட இல்ல, சீட்டு அரைகுறை, அந்த குண்டு சுத்தமா இல்ல. அப்புறம் பேஸ்மென்ட் நாத்தம். ஈர பேஸ்மென்ட்ல வருஷக்கணக்கா கிடந்த அட்டைக்கு ஒரு வாசம் இருக்கும் பாருங்க, மழைக்கு நனைஞ்ச பழைய நோட்டுப்புத்தகம் மாதிரி, அது.

அன்னிக்கு வெள்ளிக்கிழமையா இருந்திருந்தா அம்மா உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. கும்பகோணத்துலேருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்காங்க, பெட்டி மேல இருந்த படத்த பாத்ததுமே "ஏண்டா, வெளக்கு வைக்கிற வீட்டுக்குள்ள காசு குடுத்து பேய வாங்கிட்டு வந்திருக்கியே"ன்னாங்க. கராஜ்ல வச்சுக்கிறேன்னு சொல்லித்தான் சமாதானம் பண்ணேன்.

முதல்ல நாத்தம். பெரிய குப்பை கவர்ல அட்டையெல்லாம் போட்டு, ஒரு கிண்ணத்துல பேக்கிங் சோடாவ திறந்தாப்ல உள்ள வச்சு வாய கட்டி அஞ்சு நாள் விட்டேன். முக்காவாசி போச்சு, மூக்க கிட்ட வச்சா இன்னும் லேசா இருக்கு, பரவால்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு முட்டாள்தனம் பண்ணேன், ஸ்பெல் செல் பக்கம் ஒரு கறைய பாத்துட்டு ஈரத்துணிய வச்சு ஒரு இழு இழுத்தேன், மேல ஒட்டியிருந்த பிரிண்ட் பேப்பர் சுருட்டிக்கிட்டு கையோட வந்துருச்சு, ஒரு ரூபா நாணயம் அளவுக்கு. பழைய போர்டு கேம் அட்டைய தண்ணியே காட்டக்கூடாது, காஞ்ச பிரஷ்ஷும் பள்ளிக்கூட ரப்பரும்தான் போதும். அத 4 டாலர் பெட்டியில கத்துக்கிட்டேன்னு சந்தோஷம்தான்.

உப்புன ஓரத்துக்கு வெள்ளை பசைய கொஞ்சம் தண்ணி விட்டு கலக்கி ஊசி இல்லாத சிரிஞ்சால அட்டை லேயருக்கு நடுவுல விட்டேன், குழந்தைக்கு மருந்து குடுக்கிற அதே சிரிஞ்ச், வீட்ல சொல்லிறாதீங்க. வெளிய வழிஞ்சத உடனே துடைச்சு, மேலயும் கீழயும் கேக் சுடும்போது அடியில போடுற ஒட்டாத பேக்கிங் பேப்பர் வச்சு, அதுக்கு மேல தட்டையான பலகை, அதுக்கு மேல 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை. ஒரு ராத்திரி போதும்னு எல்லாரும் சொல்வாங்க, நான் ரெண்டு நாள் விட்டேன், அதுக்குள்ள அரிசி தீந்துபோயி மூட்டைய பிரிக்க வேண்டியதாயிடுச்சுங்கிறதால எடுத்தேன். தட்டையா வந்துருச்சு. அந்த பேக்கிங் பேப்பர மறந்துட்டா பலகையும் போர்டும் ஒண்ணா ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

காணாம போன சுவருக்கு சீரியல் பெட்டி அட்டை. மத்த சுவர்கள அளந்தா 1.8 மில்லிமீட்டர் கனம். சீரியல் பெட்டி அட்டை ஒண்ணு அரை மில்லிமீட்டர்கூட இல்ல, நாலு ஒட்டுனாதான் கிட்ட வருது. ஒட்டும்போது ஒண்ணு நெட்டுக்கு ஒண்ணு குறுக்கன்னு மாத்தி மாத்தி ஒட்டணும், எல்லாம் ஒரே திசையில ஒட்டுனா காயும்போது வாழைத்தோல் மாதிரி வளைஞ்சுக்கும். சொருகுற காடிய 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுனேன், அட்டைய விட ஒரு மயிரிழை அதிகம் வேணும், டைட்டா வச்சா பழைய சுவரோட காடிதான் முதல்ல கிழியும், புதுசு கிழியாது.

இதெல்லாம் ஒரு வாரம். அடுத்த மூணு வாரம் சிம்னி.

பழைய சிம்னிய ஒட்டி பாத்தேன், நிக்கல, பாதி துண்டுதான இருக்கு, சரின்னு புதுசா பண்ணிடலாம்னு கிச்சன் பேப்பர் ரோல் தீந்ததும் வர்ற அட்டைக்குழாய எடுத்து 18 சென்டிமீட்டருக்கு வெட்டுனேன். உள்விட்டம் 4 சென்டிமீட்டர். அடியில நாலு பக்கம் சரிவா இருக்கிற ஒரு சின்ன பிரமிட அட்டைல பண்ணி வச்சேன், குண்டு மேல விழுந்தா ஏதோ ஒரு சரிவுல உருண்டு ஏதோ ஒரு ரூமுக்குள்ள போகணும், நாலு ரூமுக்கும் நாலு வாசல். தியரி அவ்வளவுதான். மகளும் நானும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்து 100 தடவ குண்டு போட்டோம், அவ எட்டு வயசு, நோட்டுல கோடு போட்டு எண்ணுனா. கிச்சன்ல 51, பால்ரூம்ல 27, புரூம் ரூம்ல 13, ஸ்பெல் செல்ல 9.

இத பாத்ததும் அவ சொன்னா, "அப்பா, அப்ப கிச்சன்ல நிக்காம ஓடிட்டா போதுமே." கேமே முடிஞ்சுபோச்சு. எந்த ரூம்ல பேய் வரும்னு தெரிஞ்சுட்டா அது என்ன பேய் வீடு.

காரணம் யோசிச்சா சிம்பிள். நான் வலது கைக்காரன், குழாய் வாயில கொஞ்சம் சாய்ச்சு ஒரே மாதிரிதான் போடுறேன், குண்டு நேரா போயி பிரமிடு உச்சிக்கு ஒரே பக்கமா விழுது. போடுற கையோட பழக்கத்த குண்டு கீழ வர்றதுக்குள்ள மறக்கணும். அதுக்கு நடுவுல முட்டி மோதி வரணும். பல்குச்சிகள குறுக்க சொருகுனேன் அஞ்சு எடத்துல, பெரிய குண்டு போட்டதும் மூணு பல்குச்சி உடைஞ்சுது. அப்புறம் கபாப் குத்துற மூங்கில் குச்சி, 3 மில்லிமீட்டர் கனம், அது தாங்குச்சு. திரும்ப 100 தடவ. 38, 36, 15, 11. இப்ப ரெண்டு ரூமுக்கு மாத்தி மாத்தி போகுது, மத்த ரெண்டு ரூமும் பாவம் சும்மா கிடக்கு. ஏன்னு குழாய்க்குள்ள டார்ச் அடிச்சு பாத்தப்பதான் சிரிப்பு வந்துச்சு, அஞ்சு குச்சியையும் ஒரே திசையில ஏணிப்படி மாதிரி சொருகி வச்சிருக்கேன், குண்டுக்கு ரெண்டே சாய்ஸ், இந்தப்பக்கம் இல்லன்னா அந்தப்பக்கம்.

எல்லாத்தையும் உருவிட்டு, புது குழாய் எடுத்து (இதுக்காக பேப்பர் ரோல வேகமா காலி பண்ணுனேன்னு வீட்ல ஒரு பஞ்சாயத்து தனியா நடந்துச்சு), ஒவ்வொரு குச்சிக்கும் நடுவுல இரண்டரை சென்டிமீட்டர் எறக்கம், ஒவ்வொண்ணையும் மேல இருக்கிறதுலேருந்து 36 டிகிரி திருப்பி சொருகுனேன். மேலேருந்து பாத்தா சக்கரத்துல ஆரக்கால் மாதிரி தெரியும். கோணத்துக்கெல்லாம் கருவி வேண்டாம், குழாய சுத்தி ஒரு பேப்பர் பட்டைய சுத்தி நீளத்த எடுத்து பத்து பங்கா மடிச்சு குறி வச்சா 36 டிகிரி தானா வந்துரும். இப்ப 33, 27, 22, 18. நல்லா முன்னேறுது ஆனா இன்னும் கிச்சன்தான் மேல. போன்ல இருக்கிற லெவல் பாக்குற ஆப்ப போர்டு மேல வச்சு பாத்தா 0.8 டிகிரி கிச்சன் பக்கம் சாய்வு, டைனிங் டேபிள் அப்படி. போர்டு அடியில அந்தப்பக்கம் பழைய சீட்டுக்கட்டுலேருந்து சீட்ட ஒண்ணு ஒண்ணா சொருகி மட்டம் பண்ணேன். 27, 26, 25, 22. 100 தடவைக்கு 25-லேருந்து நாலஞ்சு இப்படி அப்படி இருக்கிறது சகஜம், அத நோண்டக்கூடாது, அதோட நிறுத்திக்கிட்டேன்.

குண்டு பத்தி தனியா சொல்லணும், எனக்கு இதுலதான் ரொம்ப சுவாரஸ்யம். ஒரிஜினல் இல்லாததால கையில கிடைச்சதெல்லாம் போட்டு பாத்தேன். 16 மில்லிமீட்டர் கண்ணாடி கோலி, சுமார் 5 கிராம். அதே சைஸ்ல மரமணி, ஒண்ணரை கிராம் இருக்கும். ஸ்டீல் பேரிங் குண்டு ரெண்டு சைஸ், அரை இஞ்ச் 8 கிராம், எட்டுல அஞ்சு இஞ்ச் 16 கிராம். மரமணி குச்சிக்கும் சுவருக்கும் நடுவுல போயி உக்காந்துக்கிட்டு வரவே மாட்டேங்குது, அத தட்டி எடுக்கிறதுக்குள்ள எல்லாரும் அடுத்த வேலைக்கு போயிடுறாங்க. பெரிய ஸ்டீல் குண்டு காய தள்ளல, அடிச்சு தூக்குது, சுவர்ல ரெண்டு எடத்துல பள்ளம். கண்ணாடி கோலி ரொம்ப நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஒரு தடவ சோபாவுக்கு அடியில ஓடிப்போச்சு, நாலு பேர் தரையில படுத்து தேடுனோம். ஸ்டீல் குண்டா இருந்தா தோசைக்கரண்டி நுனியில ஃபிரிட்ஜ் மேக்னட்ட டேப் போட்டு ஒட்டி சோபாவுக்கு அடியில ஒரு தடவ வீசுனா டக்குனு ஒட்டிக்கிட்டு வரும். வாங்கும்போது குரோம் ஸ்டீல்னு பாத்து வாங்கணும், சில வகை ஸ்டெயின்லெஸ் குண்ட மேக்னட் கண்டுக்கவே கண்டுக்காது. அப்புறம் 4 சென்டிமீட்டர் குழாய்ல நடுவுல 3 மில்லிமீட்டர் குச்சி போனா ஒவ்வொரு பக்கமும் பதினெட்டரை மில்லிமீட்டர்தான் வழி, கோலிக்கு அது ஜஸ்ட் பாஸ், அரை இஞ்ச் குண்டுக்கு தாராளம். சரி அரை இஞ்ச் ஸ்டீல்தான்னு முடிவு.

இல்ல, முடிவு அப்படி ஒண்ணும் அறிவா எடுக்கல, உண்மைய சொல்லணும்னா சத்தம்தான் காரணம். குச்சி இல்லாத முதல் குழாய்ல குண்டு போட்டா கண் சிமிட்டுறதுக்குள்ள கீழ வந்துரும், யாரும் பயப்படல, டொப்புனு விழுந்துச்சு அவ்வளவுதான். குச்சி சொருகினதும் டொக்... டொக் டொக்... டொக்னு ஒண்ணொண்ணா முட்டி எறங்குது, ஒரு செகண்ட்கூட முழுசா இருக்காது, ஆனா அந்த நேரத்துல டேபிள சுத்தி ஒருத்தர் மூச்சு விடுறதில்ல. எதிர்வீட்டு பொண்ணு ஒண்ணு ஆறு வயசு, காத பொத்திக்கும், கண்ண நல்லா திறந்து வச்சுக்கும். நான் வேற, சின்னவன் தூங்குறான் சத்தம் கேக்கக்கூடாதுன்னு ஒருநாள் குழாய்க்கு உள்ள துணி ஒட்டி வச்சேன், குச்சி மேலயும் சுத்தி. குண்டு நல்லாத்தான் வந்துச்சு, கணக்கும் மாறல, சத்தம் மட்டும் இல்ல. மக குழாய எட்டிப்பாத்துட்டு "என்னப்பா, பேய் செத்துப்போச்சா?"ன்னா. அன்னிக்கே பிச்சு எறிஞ்சேன். பிரமிடுக்கு கீழ வாசல் பக்கம் காலி டப்பா மூடி தகரம் ஒரு துண்டு ஒட்டுனேன் அதுக்கப்புறம், கடைசியில வெளிய வரும்போது 'ணங்'னு ஒரு சத்தம் கூட, சுவர்ல இருக்கிற சூனியக்காரி படத்த விட இந்த தகரத்துக்குத்தான் பசங்க அதிகம் பயப்படுறாங்க.

எலிக்கு வருவோம். களிமண்ல பண்ணலாமா பிளாஸ்டிக்ல பிரிண்ட் எடுக்கலாமான்னு நான் பேசிட்டு இருந்தத கேட்டுட்டு அம்மா சமையல்ரூம்லேருந்து ஒரு கை புளியங்கொட்டைய கொண்டாந்து வச்சாங்க. "இதுக்கு எதுக்குப்பா மெஷினு, இது எலி மாதிரிதான இருக்கு." பாத்தா நெஜமாவே எலிதான், அந்த பழுப்பும் மினுமினுப்பும் குண்டு முதுகும். வாலுக்கு நூல ஃபெவிக்விக் போட்டு ஒட்டுனேன், ஒட்டல, புளியங்கொட்டை தோலு அவ்வளவு வழவழப்பு. அம்மா அத வாங்கிட்டு வெளிய சிமெண்ட் படியில உக்காந்து தாயம் ஆடுறதுக்கு தேய்க்கிற மாதிரி ஒரு பக்கம் வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்ச்சாங்க. அடிப்பக்கம் தட்டையாவும் ஆச்சு, எலி உருளாம உக்காருது, பசையும் பிடிக்குது, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. தேய்ச்ச சூட்டோட ஒரு கொட்டைய பேத்தி கையில வச்சு அழுத்தினாங்க பாருங்க, அவ "அப்பாயி!"ன்னு கத்துன கத்துல பக்கத்து வீட்டு நாய் குலைச்சுது. நாங்க சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல பண்ணுன அதே வேலை. பேய்க்கு பயந்தவங்க எலிப்பட்டறை வச்சு நாலு கேட்டதுக்கு பதினொண்ணு பண்ணி குடுத்தாங்க.

சீட்டு எல்லாம் புதுசு, பழசுல எத்தனை இருந்துச்சோ, நாங்க 24 போட்டோம். வாண்டா 12, கெர்ட்டி 6, கிளெண்டா 6. முதல்ல மூணும் எட்டு எட்டுன்னுதான் வச்சோம், குண்டு போடுற வாய்ப்பு பத்தலன்னு பசங்க சண்ட. எலியாவே கிடந்து போரடிக்கிறவங்களுக்காக மக ஒரு ரூல் போட்டிருக்கா, எலியா இருக்கிறவங்கதான் குண்டு போடணும்னு. இது ஒரிஜினல்ல இல்லாத ரூல், ஆனா நல்ல ரூல்.

சிம்னி உச்சிக்கு இருட்டுல ஒளிர்ற பெயிண்ட் அடிச்சேன். இங்கிலாந்துல 1985-ல இதே கேம கோஸ்ட் கேசில்னு மாத்தி விட்டாங்க, அதுல குண்டுக்கு பதிலா இருட்டுல மின்னுற ஒரு மண்டையோட்ட போடுவாங்க, அங்கேருந்து சுட்ட ஐடியா. பழுப்பு அட்டை மேல நேரா அடிச்சேன், ஒண்ணுமே தெரியல, காசு தண்டம்னு நெனச்சேன். அடியில வெள்ளை பெயிண்ட் ஒரு கோட் அடிச்சு காய விட்டு அதுக்கு மேல ரெண்டு கோட் அடிக்கணும், அப்பதான் வெளிச்சம் உள்ள போகாம திரும்பி வருது. பெயிண்ட் வாங்கும்போது ஸ்ட்ரான்சியம் அலுமினேட்னு போட்டிருக்கான்னு பாருங்க, மலிவா கிடைக்கிற துத்தநாக சல்பைடு வகை பத்து இருபது நிமிஷத்துல அணைஞ்சுரும். குண்டுக்கும் அடிச்சு பாத்தேன், அஞ்சாவது தடவையிலயே குச்சில முட்டி உரிஞ்சு போச்சு.

ஒரு விஷயம் மட்டும் சீரியசா சொல்லிடுறேன். சின்னவனுக்கு ரெண்டு வயசு. அமெரிக்காவுல மூணு வயசுக்கு கீழ உள்ள பசங்க பொம்மைல 1.75 இஞ்ச் விட்டத்துக்கு உள்ள எந்த பந்தும் இருக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஏன்னா உருண்டையா இருக்கிறது தொண்டைய அப்படியே அடைச்சுக்கும். என் குண்டு அரை இஞ்ச். புளியங்கொட்டை எலியும் அதே கேஸ்தான். அதனால அவன் தூங்குன அப்புறம்தான் பெட்டி வெளிய வரும், முடிஞ்சதும் குண்டும் எலியும் எண்ணி எண்ணி பெருங்காய டப்பாவுல போட்டு மேல் ஷெல்ஃபுல. பத்து குண்டு பாக்கெட்டா வாங்குனது, ஒருநாள் எண்ணுனா ஒம்போதுதான் இருக்கு, அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் நானும் வைஃபும் தோசைக்கரண்டியோட வீடு முழுக்க அலைஞ்சோம். ஃபிரிட்ஜுக்கு அடியில கிடைச்சுது, கூடவே ரெண்டு சேஃப்டி பின்னும் ஒரு ஸ்க்ரூவும். அந்த ஸ்க்ரூ எதோடதுன்னு இன்னும் தெரியல.

இப்ப பெட்டி கராஜ்லேருந்து ஹாலுக்கு புரமோஷன் ஆயிடுச்சு, வெள்ளிக்கிழமை மட்டும் எடுக்கக்கூடாது, அது அப்பாயி ரூல். பாக்கி இருக்கிறது பால்ரூம் பக்கம் நான் புதுசா பண்ணுன சுவர்தான், இன்னும் வெறும் வெள்ளையா நிக்குது. வவ்வால் வரையிற பொறுப்ப மக எடுத்திருக்கா. மூணு வரைஞ்சிருக்கா, அதுல ரெண்டு காக்கா மாதிரி இருக்கு.